அத்தியாயம் 6: மாங்காய் மண்டியில் இரண்டு நாள் – பங்காருபாளையத்தில் ஒரு புகைப்படக் கூடல்

ஜூன் பிறந்துவிட்டால் சித்தூரிலிருந்து பலமனேர் போகும் சாலையில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். டிரெய்லரின் விளிம்பு வரை கிளிமூக்கு மாங்காய். ராத்திரி முழுக்க வரிசையில் காத்திருந்த விவசாயி ஓட்டும் இருக்கையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். பக்கத்தில் டீக்கடை அடுப்பு எரியும். கிழக்கே வெளுக்கும்போது அந்தப் புகைக்கு நடுவே ஒளி விழும் விதத்தைப் பார்த்தால், கேமரா வைத்திருக்கும் எவருக்கும் வண்டியை நிறுத்தத் தோன்றும்.

நிறுத்துவது சுலபம். பன்னிரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய், யார் வேலையையும் கெடுக்காமல், யாருக்கும் காயம் படாமல், நல்ல படங்களோடு திரும்புவதற்குத்தான் திட்டம் வேண்டும். பங்காருபாளையத்தை வைத்து அந்தத் திட்டத்தை இந்த அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டி, காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை என எங்கே போனாலும் வரிசை இதுதான். ஊருக்கு ஏற்றபடி நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கூடிப் படமெடுக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் பழையது. 1850களிலேயே பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் புகைப்படக் கழகங்கள் தொடங்கிவிட்டன. சென்னைக் கழகத்துக்குப் பின்னால் இருந்தவர், சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்ஸாண்டர் ஹன்டர். அமெரிக்காவில் ஸ்காட் கெல்பி 2008இல் ஆரம்பித்த உலகளாவிய புகைப்பட நடை, முகம் தெரியாதவர்கள்கூட ஒரு சனிக்கிழமை ஒன்றாக நடந்து படமெடுக்கலாம் என்ற யோசனையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ் குழுவினர் வார இறுதிக் காலைகளில் நகரின் தெருக்களிலும் சந்தைகளிலும் இதையே செய்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு வேறு பிழைப்பு உண்டு. கேமரா, விடுமுறை நாளின் ஆசை.

ஏன் பங்காருபாளையம்?

சித்தூரிலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ராணிப்பேட்டை, சித்தூர், பலமனேர், முல்பாகல் வழியாகப் பெங்களூரு போன பழைய 4ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர். சென்னை நண்பர்களும் பெங்களூரு நண்பர்களும் ஆளுக்குப் பாதி தூரம் வந்து சந்திக்க வசதியான இடம். ரயிலில் வருபவர்கள் காட்பாடியிலோ சித்தூரிலோ இறங்கலாம்.

கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் தமிழ்நாட்டில் சொல்வதை ஆந்திரத்தில் தோத்தாபுரி என்பார்கள். சித்தூர் வட்டாரத்துக் கூழ் ஆலைகளுக்கு இதுதான் முக்கியச் சரக்கு. 2025இல் விலை சரிந்தபோது கிலோவுக்கு ரூ.12 கிடைக்க வேண்டும் என்று ஆந்திர அரசு கணக்குப் போட்டது. ஆலை கொடுக்க வேண்டியது ரூ.8, அரசின் உதவி ரூ.4. அந்த ஆண்டு ஜூலை 9ஆம் தேதி முன்னாள் முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி விவசாயிகளைச் சந்திக்க இந்த மண்டிக்கு, அதாவது பங்காருபாளையம் மார்க்கெட் யார்டுக்குத்தான் வந்தார்.

படமெடுக்கப் போகிறவர் இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு டன் காயை ஏற்றிக்கொண்டு, என்ன விலை போகுமோ என்ற கவலையோடு நிற்பவரிடம் போய், “கொஞ்சம் சிரிங்க” என்று சொல்லிவிடக் கூடாது.

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு

1. ஆள் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். உலகளாவிய புகைப்பட நடையில் ஒரு தலைவருக்கு 50 பேர் வரை அனுமதித்தார்கள். பெரிய நகரத்துத் தெருவுக்கு அது பொருந்தும். மண்டிக்கு 12 பேரே அதிகம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டு வார இறுதிகளாகப் பிரித்துவிடுங்கள்.

2. மூன்று பொறுப்புகளை மூன்று பேரிடம் கொடுங்கள். ஒருவர் முன்னால் நடப்பவர். எங்கே போவது, எப்போது கிளம்புவது என்பது அவர் வாக்கு. இன்னொருவர் கடைசியில் வருபவர். யாரும் பின்தங்கவில்லை என்று பார்ப்பது அவர் வேலை. மூன்றாமவர் பேசுபவர். அவருக்குத் தெலுங்கு தெரிந்திருந்தால் நல்லது. கேமரா தெரியாத நண்பரோ, குழுவில் ஒருவரின் துணைவியோ இந்த மூன்றாம் பொறுப்பைப் பெரும்பாலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்வார். அவர் கண் வியூஃபைண்டருக்குள் இருக்காது.

3. அனுமதி கேளுங்கள். மார்க்கெட் யார்டு அலுவலகத்துக்கு முதலில் ஒரு போன், பிறகு ஒரு கடிதம். கடிதத்தில் நாள், நேரம், ஆட்களின் எண்ணிக்கை, படங்கள் விற்பனைக்கல்ல என்ற உறுதி, பொறுப்பாளரின் கைபேசி எண் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். மண்டிக்காரர் ஒருவரையாவது முன்கூட்டியே நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் தயங்காமல் நிற்பார்கள்.

4. ஒரு தோட்டத்தைப் பேசிவையுங்கள். மண்டிக்காரரிடமே கேட்கலாம். எந்தத் தோட்டத்தில் அந்த வாரம் காய் இறக்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

5. தங்கும் இடம். சித்தூரில் விடுதிகள் உண்டு. காணிப்பாக்கம் விநாயகர் கோயிலும் சித்தூருக்குப் பக்கம்தான். வார இறுதியில் அங்கே கூட்டம் அதிகம் என்பதால் அறையை முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.

6. முந்தின நாள் மறுபடி போன் போடுங்கள். மழை, விடுமுறை, ஆலை வேலைநிறுத்தம் என எதனாலும் மண்டி ஓய்ந்திருக்கலாம்.

குறிப்பு: மண்டியைச் சனிக்கிழமையிலும் தோட்டத்தை ஞாயிறிலும் வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறன்று வரத்து எப்படி இருக்கும் என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

புதிதாக எதையும் வாங்க வேண்டாம். 18–55 மி.மீ. கிட் லென்ஸ் போதும், நல்ல கைபேசியும் போதும். ஒரே நீளம் கொண்ட லென்ஸ் வைத்திருப்பவர்கள் 35 மி.மீ. லென்ஸை எடுத்துவரட்டும். நீண்ட டெலி லென்ஸைத் தூக்கி வருகிறவர் தூரத்தில் நின்று திருட்டுத்தனமாக எடுக்கிறார் என்ற எண்ணம் மண்டியில் உடனே வந்துவிடும். கிட்டே போய்ப் பேசி எடுப்பதே மரியாதை. படமும் அப்படித்தான் நன்றாக வரும்.

முக்காலி வேண்டாம். லாரிகள் பின்னுக்கு வரும் இடத்தில் மூன்று கால்களை விரித்து வைப்பது ஆபத்து. ட்ரோனும் வேண்டாம். 2021இன் ட்ரோன் விதிகளின்படி பதிவு, பறக்கத் தடையுள்ள பகுதிகளின் வரைபடம் என்று பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேலே அது சுற்றுவதை யாரும் விரும்பவும் மாட்டார்கள்.

கட்டாயம் வேண்டியவை: கூடுதல் பேட்டரி ஒன்று, இரண்டு மெமரி கார்டுகள், லென்ஸ் துடைக்கும் துணி, கேமராவை மூட ஒரு பிளாஸ்டிக் உறை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஒரு சிறு சோப்பு, பெயரும் எண்ணும் எழுத ஒரு நோட்டும் பேனாவும். சோப்பும் நோட்டும் எதற்கு என்பது பின்னால் வரும்.

செருப்பு போட்டு வராதீர்கள். மண்டித் தரையில் நசுங்கிய மாம்பழத்தின் மேல் கால் வைத்தால் வழுக்கும்.

சனி காலை: மண்டி

ஜூனில் இந்தப் பக்கம் சூரியன் ஏறக்குறைய 5.45க்கு உதிக்கும். 5.15க்கு எல்லோரும் மண்டி வாசலில் இருக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி சித்தூரிலிருந்து புறப்படுங்கள்.

1. முதல் 20 நிமிடம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். டீ குடியுங்கள். வரிசையில் நிற்பவர்களோடு பேசுங்கள். எந்த வழியாக லாரி உள்ளே வருகிறது, எந்த வழியாகப் போகிறது, எடைமேடை எங்கே, சுமை தூக்கும் ஹமாலிகள் எந்தப் பாதையில் நடக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பாதையில் எக்காரணம் கொண்டும் நிற்காதீர்கள். ஐம்பது கிலோவுக்குக் குறையாத சுமையைத் தலையில் வைத்திருப்பவரால் சட்டென நிற்க முடியாது.

2. இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒரு ஜோடியில் பழகியவர் ஒருவர், புதியவர் ஒருவர். ஒரு முகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு கேமரா நிற்கும் காட்சி வேண்டவே வேண்டாம். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு கேமராவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

3. கேட்டு எடுங்கள். சித்தூர் மாவட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. 1911இல் வடஆற்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்துத்தான் இந்த மாவட்டத்தையே உண்டாக்கினார்கள். 1960இல் திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ் இருக்கிறது. இருந்தாலும், “போட்டோ தீசுகோவச்சா அன்னா?” என்று தெலுங்கில் கேட்டால் முகம் மலரும். பெண்களிடம் “அக்கா”, வயதானவர்களிடம் “தாதா”, “அவ்வா”. “வத்து” என்று பதில் வந்தால் வேண்டாம் என்று பொருள். அதோடு விட்டுவிட வேண்டும். மறுமுறை கேட்கக் கூடாது.

4. பெரிய காட்சி, நடுக் காட்சி, கிட்டக் காட்சி. ஒவ்வொரு ஜோடியும் இந்த மூன்றையும் எடுத்துவர வேண்டும். டிராக்டர் வரிசை பெரிய காட்சி. காய் பிரிக்கும் நால்வர் நடுக் காட்சி. காம்பை ஒடிக்கும் விரல் கிட்டக் காட்சி. பலர் நடுக் காட்சியிலேயே நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படங்களும் ஒன்று போலவே இருக்கும்.

5. 8.30க்கு எல்லோரும் வாசலுக்கு. முன்னால் நடப்பவர் தலைகளை எண்ணட்டும். எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் இட்லி.

நீலத் தார்ப்பாயின் கீழ்

மண்டியில் எடுத்த படங்களில் முகங்கள் நோய் வந்தவர்களைப் போல வெளிறித் தெரிகின்றன என்பது புதியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. காரணம், தலைக்கு மேலே இருக்கும் நீலத் தார்ப்பாய். வெயில் அதன் வழியே வடிகட்டி இறங்குவதால் எல்லாவற்றின் மேலும் நீலம் படிகிறது. பக்கத்திலிருக்கும் மாங்காய்க் குவியலிலிருந்து பச்சை மஞ்சள் ஒளியும் எதிரொளித்து முகவாய்க்கு அடியில் விழும். இரண்டும் கலந்தால் கேமராவின் தானியங்கி வெண்சமநிலை குழம்பிவிடும்.

இதற்கு வழி மூன்று. முதலாவது, ரா கோப்பாக எடுப்பது. பிறகு நிறத்தைத் திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது, அதே தார்ப்பாய்க்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதை வைத்து வெண்சமநிலையைக் கையால் அமைப்பது. மூன்றாவது எளிது, சிறந்ததும் அதுவே: தார்ப்பாயின் ஓரத்துக்கு வாருங்கள். திறந்த வானத்து ஒளி பக்கவாட்டில் விழும் அந்த இரண்டடி இடத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் நிறம் அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் இருட்டு தானாகவே பின்னணியாகிவிடும்.

ஷட்டர் வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காயைத் தூக்கி லாரிக்குள் வீசுவதை உறையவைக்க 1/500 நொடி வேண்டும். பிரிக்கும் கைகளுக்கு 1/125 போதும். அசைவு தெரிய வேண்டுமானால் ஒரு கம்பத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு 1/15இல் முயலலாம். பத்தில் ஒன்று தேறும். விடியற்காலையில் ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். படத்தில் புள்ளி தெரிவதைவிடக் கலங்கித் தெரிவது மோசம்.

ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். லாரியைப் பின்னுக்கு எடுக்கும் ஓட்டுநரின் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மண்டியில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

* *குவியல் மேல் ஏறுவது.* உயரத்திலிருந்து எடுத்தால் படம் நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் மிதிபட்ட காய் கறுத்து அழுகும், அந்த நஷ்டம் விவசாயிக்கு. உயரம் வேண்டுமானால் அலுவலகத்தில் கேட்டு, கட்டடத்தின் படிக்கட்டில் நில்லுங்கள்.
* *மறுபடி செய்யச் சொல்வது.* “இன்னொரு தரம் தூக்குங்களேன்” என்று கூலிக்குச் சுமை தூக்குபவரிடம் கேட்கக் கூடாது.
* *முகம் காட்டக் காசு கொடுப்பது.* இன்று ஒருவருக்குக் கொடுத்தால் நாளை வரும் குழுவுக்கு இயல்பான படமே கிடைக்காது. டீ வாங்கிக் கொடுங்கள், காய் விலைக்கு வாங்குங்கள்.
* *ஒரு காய்தானே என்று எடுத்துக் கடிப்பது.* கேட்டால் அவர்களே இரண்டு கொடுப்பார்கள். கேட்காமல் எடுத்தால் திருட்டு.
* *புழுதியில் லென்ஸை மாற்றுவது.* காருக்குள் உட்கார்ந்து மாற்றுங்கள்.
* *குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுப்பது.* கூடவே கூடாது.
* *கூழ் ஆலைக்குள் நுழைவது.* அது தனியார் இடம், உணவு தயாராகும் இடம். எழுத்தில் அனுமதி இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டாம்.

சனி மதியம்: நிழலும் திறனாய்வும்

11 மணியிலிருந்து 3.30 வரை யாரும் வெயிலில் இறங்க வேண்டாம். ஒளியும் கடுமையாக இருக்கும், உடம்பும் தாங்காது. சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்குங்கள். பிறகு ஒரு அறையில் கூடுங்கள்.

முதல் வேலை, கார்டில் இருப்பதை மடிக்கணினிக்கும் தனி ஹார்ட் டிஸ்குக்கும் நகல் எடுப்பது. இரண்டு இடத்தில் நகல் ஏறும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

அடுத்து ஆளுக்கு மூன்று படம். நாலாவதை யாரும் காட்டக் கூடாது. எடுத்த முந்நூறில் மூன்றைப் பொறுக்கும்போதுதான், தான் உண்மையில் எதைப் பார்த்தோம் என்று ஒருவருக்குப் புரிகிறது. படத்தைத் திரையில் காட்டிவிட்டு எடுத்தவர் ஒரு நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். மற்றவர்கள் முதலில் கண் எங்கே போகிறது என்று சொல்லட்டும், பிறகு எங்கே தடுக்கிறது என்று சொல்லட்டும். “சூப்பர்” என்ற ஒற்றைச் சொல்லுக்கு அந்த அறையில் இடம் கொடுக்காதீர்கள். அதனால் யாருக்கும் பயனில்லை. கேமரா பிராண்டைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கினால் அதை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிவையுங்கள்.

சனி மாலை: மொகிலி

பங்காருபாளையம் மண்டலத்திலேயே இருக்கிறது மொகிலி. மொகிலீஸ்வரர் கோயில் கொண்ட ஊர். தெலுங்கில் மொகலி என்றால் தாழை. 4.30க்குக் கிளம்பினால் மாலை வெயிலில் கோயிலின் வெளிப்புறத்தையும் மலைகளையும் எடுக்கலாம். சூரியன் 6.40 அளவில் மறையும்.

கோயிலில் வெளிப்பிராகாரத்தில் எடுப்பதற்கும் நிர்வாகத்திடம் கேளுங்கள். கருவறையை நோக்கி கேமராவைத் திருப்ப வேண்டாம். சாமி கும்பிடுகிறவர்களின் முன்னால் போய் நிற்பதும் வேண்டாம்.

மொகிலி மலைப்பாதையில் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் ஆசையை அடியோடு விட்டுவிடுங்கள். 2024 செப்டம்பரில் அங்கே பேருந்தும் லாரியும் மோதிப் பல உயிர்கள் போயின. சரிவில் பாரம் ஏற்றி இறங்கும் லாரிக்கு உங்கள் முக்கோண எச்சரிக்கைப் பலகை ஒரு பொருட்டே இல்லை. மலைக் காட்சி வேண்டுமானால், அடிவாரத்தில் சாலையை விட்டு விலகிய ஊர்ப் பாதையில் இறங்கி எடுங்கள்.

இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். காரணம் யானை.

யானை இருக்கும் ஊர்

பலமனேர், குப்பம் பக்கத்துக் காடுகளைச் சேர்த்து 1990இல் கௌண்டின்யா காட்டுயிர் சரணாலயம் அமைந்தது. 357 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. 1980களில் ஒசூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து தங்கிய யானைகளின் வழிவந்தவை இன்றும் மலையோர மாந்தோட்டங்களிலும் கரும்புக் காடுகளிலும் இறங்குகின்றன. பயிர் போகிறது, மனித உயிர் போகிறது, யானையும் சாகிறது. அவற்றைக் காட்டுக்குள் திருப்பி அனுப்ப 2025 மே மாதம் கர்நாடகம் நான்கு கும்கி யானைகளை ஆந்திரத்துக்குக் கொடுத்தது. பலமனேருக்குப் பக்கத்தில் முசலிமடுகில் அவற்றுக்கான முகாம் இருக்கிறது.

புகைப்படக் குழுவுக்கு இதில் மூன்று கட்டளைகள்.

1. யானை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அந்தத் திசைக்கே போகாதீர்கள். கூட்டமாக ஓடிப் போய்ப் படமெடுப்பதால் யானை மிரளும். அதன் விலையைக் கொடுப்பது அன்றிரவு அங்கே தூங்கும் விவசாயக் குடும்பம்.
2. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புகைப்படம் எடுப்பது, அனுமதி பெற்று நுழையக்கூடிய காரணங்களில் ஒன்றாகவே அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆசை இருந்தால் வனத்துறையிடம் முறையாக விண்ணப்பியுங்கள்.
3. தோட்டத்து வேலிக் கம்பியைத் தொடாதீர்கள். மின்சாரம் பாயும் வேலியாக இருக்கலாம்.

ஞாயிறு காலை: தோட்டம்

தோட்டக்காரர் வந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். இருட்டில் நீங்களாக நுழையாதீர்கள். யானை மட்டுமல்ல, பாம்பும் காரணம். கணுக்காலை மூடும் ஷூ, முழுநீளக் கால்சட்டை, கையில் டார்ச். யாரையாவது பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, நடக்கவிடாமல் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.

தோட்டத்தில் எடுக்க வேண்டியது காய் பறிக்கும் வேலை. நுனியில் வலை கட்டிய நீண்ட துறட்டியால் காயை இழுத்து இறக்குவார்கள். மரத்தடியில் இன்னொருவர் காயை வாங்கிக் காம்பை ஒடிப்பார். அந்த நொடியைத்தான் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். காம்பு ஒடிந்ததும் கண்ணாடி போல் தெளிவான பால் பீறிடும். காயின் தோலில் பட்டால் கோடாகக் கருகும். மனிதத் தோலில் பட்டால் எரிந்து புண்ணாகும். அதனால் காயைக் குப்புறப் பிடித்துப் பாலை மண்ணில் வடியவிடுவார்கள். எதிரே சூரியன் இருக்கும்படி மண்டியிட்டு உட்கார்ந்தால், வடியும் ஒவ்வொரு சொட்டும் ஒளியில் மின்னுவது தெரியும். லென்ஸின் முன்கண்ணாடியில் தெறித்துவிட்டால் உடனே துடையுங்கள். கையில் பட்டால், பையில் இருக்கும் சோப்பு அதற்குத்தான். கழுவும்வரை கண்ணைத் தொடாதீர்கள்.

மரத்தில் இலைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பந்து போலக் கட்டியிருப்பது முசுறு எறும்பின் கூடு. அதன் கீழே நின்று மேல்நோக்கி எடுக்க ஆசைப்பட்டால் கிளையைத் தொடாமல் எடுங்கள். கழுத்துக்குள் ஒன்று விழுந்தாலும் அன்று படமெடுத்தது போதும் என்றாகிவிடும்.

இலைகளின் ஊடே விழும் ஒளி, முகத்தில் திட்டுத்திட்டாகப் படும். அந்தத் திட்டுகள் வெளிறிப் போகாதபடி எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து எடுங்கள். கறுப்பாகத் தெரியும் பகுதியைப் பிறகு ஓரளவு மீட்கலாம். வெளிறிப் போனது திரும்பி வராது.

குறிப்பு: 9 மணிக்குப் பிறகு தோட்டத்தில் ஒளி கடுமையாகிவிடும். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, இறக்கிய காயைக் கூடையில் அடுக்க உதவுங்கள். அரை மணி நேரம் கூடை சுமந்த பிறகு எடுக்கும் படம் வேறு மாதிரி இருக்கும். எங்கே வலிக்கிறது என்று தெரிந்துகொண்ட ஆளாக அப்போது எடுப்பீர்கள்.

நேரம் மிஞ்சினால்

சென்னைக்குத் திருப்பதி வழியாகத் திரும்புகிறவர்கள் சந்திரகிரிக் கோட்டையில் ஒரு மணி நேரம் நிற்கலாம். விஜயநகரத்தின் கடைசி மன்னர்கள் ஆண்ட இடம். ராஜ மகால், ராணி மகால் என்று இரண்டு கட்டடங்கள் நிற்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுக்கலாம். வெயில் ஏறியிருந்தால் நேரே வீட்டுக்குப் போவதே மேல்.

திரும்பிய பிறகு

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். படங்கள் நண்பர்களின் கைபேசிகளைச் சுற்றி வரும், பாராட்டு வரும், மண்டியில் நின்றவருக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேராது. “படம் அனுப்புறேன் அண்ணா” என்று சொல்லிவிட்டு வந்த வாக்கு அப்படியே கிடக்கும். அடுத்த ஆண்டு வரும் குழுவுக்கு அங்கே “வத்து” என்ற பதில் கிடைத்தால் அதற்குக் காரணம் இதுதான்.

1. படமெடுக்கும்போதே நோட்டில் குறியுங்கள்: படத்தின் எண், எடுக்கப்பட்டவரின் பெயர், ஊர், எந்த மண்டிக்காரரிடம் காய் போடுகிறார். கைபேசி எண்ணை அவர் விருப்பப்பட்டுக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.
2. முதல் வாரத்துக்குள் ஒவ்வொருவரும் தாம் எடுத்த முகங்களில் நல்லதைப் பொறுக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த படமும் அவருக்குப் பிடிக்கும் படமும் ஒன்றாக இருக்காது. வியர்வை வழியும் முகம் உங்களுக்குப் பிடிக்கலாம். தன் டிராக்டர் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பதுதான் அவருக்குப் பிடிக்கும். அதை அச்சிடுங்கள்.
3. 4x6 அங்குல அளவில் அச்சு. ஸ்டுடியோவில் கொடுத்தால் ஒன்றுக்கு ஓரிரண்டு டீயின் விலைதான் ஆகும். பின்பக்கம் நாளையும் இடத்தையும் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறை.
4. பொதுவெளியில் போடும் முன்பு எழுதும் குறிப்பில் கவனம் வேண்டும். “ஏழை விவசாயி” என்று பெயரில்லாமல் போடாதீர்கள். அவர் என்ன வேலை செய்கிறார், என்ன காய், எந்த ஊர் என்று எழுதுங்கள். பெயர் போட அவர் சம்மதம் வேண்டும்.
5. கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் அனுப்பலாம்தான். பன்னிரண்டு பேரில் இருவர் மட்டும் ஒரு சனிக்கிழமை போய், மண்டிக்காரர் உதவியோடு உறைகளை அவரவர் கையில் கொடுப்பது இன்னும் நல்லது.

ஐந்தாவது படியைத் தள்ளிப்போடாதீர்கள். ஜூலை கடைசியில் கிளிமூக்கு வரத்து குறைந்துவிடும். வரிசையில் நின்ற டிராக்டர்கள் வயலுக்குத் திரும்பிவிடும், ஹமாலிகள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குள் உறைகள் பங்காருபாளையம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.